மூன்று நாள், ஒன்பது தீவு

பயணி: முதல் நாள் காலை 9.00 ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகம். 10.15 மல் தீவில் டோபர்மோரி ஊர், கலர் வீடுகள் முன்னால் போட்டோ. 10.30 கிளம்புகிறோம்.

ஸ்கிப்பர்: டோபர்மோரி போகவே ஐந்து மணி நேரம் ஆகும் சார். இது பாய்மரப் படகு.

பயணி: மேப்பில் பக்கத்தில்தானே இருக்கிறது?

ஸ்கிப்பர்: மேப்பை மடித்தால் இன்னும் பக்கத்தில் வரும்.

பயணி: சரி, 2.00 என்று மாற்றிவிட்டேன். அடுத்து ஸ்டாஃபா தீவுக் குகை, இருபது நிமிடம்.

ஸ்கிப்பர்: அலை இருந்தால் அங்கே இறங்கவே முடியாது. 1829-ல் மெண்டல்சன் என்ற இசையமைப்பாளர் அந்தக் குகையைப் பார்க்கப் போய், கடல் ஒத்துக்கொள்ளாமல் படாத பாடு பட்டார்.

பயணி: வாந்திக்கு எத்தனை நிமிடம் போடட்டும்?

ஸ்கிப்பர்: அலையைப் பொறுத்தது.

பயணி: இரண்டாம் நாள் மாலை 4.10, கோரிவ்ரெக்கன் சுழல்.

ஸ்கிப்பர்: நீரோட்டம் அடங்கும்போது மட்டும்தான் அந்த வழியே போக முடியும். பக்கத்து ஜூரா தீவில் குடியிருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லே 1947-ல் ஓத அட்டவணையைத் தப்பாகப் படித்துவிட்டு, படகு கவிழ்ந்து தப்பித்தார்.

பயணி: அவரிடம் எக்செல் இல்லை. மூன்றாம் நாள் காலை எய்க், மக், ரம், கன்னா, நாலு தீவு.

ஸ்கிப்பர்: அதெல்லாம் வடக்கே. சுழல் தெற்கே. நடுவில் ராத்திரி தூங்கவேண்டாமா?

பயணி: எதைச் சொன்னாலும் ஒரு தடை! நான் முழுப்பணமும் கட்டியிருக்கிறேன்.

ஸ்கிப்பர்: எனக்குக் கட்டினீர்கள் சார். கடலுக்குக் கட்டவில்லை.

பயணி: காற்றே இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினால்?

ஸ்கிப்பர்: நங்கூரம் போட்டதும் மிட்ஜ் பூச்சி பிடுங்கியெடுக்கும். காற்று அடித்தால்தான் அது வராது.

பயணி: இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் கிடைக்காதா?

ஸ்கிப்பர்: போன வாரம் வந்துவிட்டுப் போயிற்று. காற்று ரொம்ப ஏறினால் சூனார்ட் கடற்கழிக்குள் ஒதுங்கிவிடலாம். இரண்டு பக்கமும் மலை, உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், கடல்நாய் பார்க்கலாம்.

பயணி: அது தீவுக் கணக்கில் வருமா?

ஸ்கிப்பர்: வராது. கழிக்குள் கார்னா என்று ஒரு தீவு இருக்கிறது.

பயணி: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? மல், ஸ்டாஃபா, ஐயோனா, ஜூரா, அந்த நாலு, கார்னா. ஒன்பது!

ஸ்கிப்பர்: அது என்ன ஒன்பது?

பயணி: என் ஆபீஸ்காரர் போன வருடம் எட்டுத் தீவு பார்த்துவிட்டு வந்தார். கேன்டீனில் உட்கார முடியவில்லை.

ஸ்கிப்பர்: உயரமாக, சிவப்புத் தொப்பி போட்டிருப்பாரே, அவரா? என் படகில்தான் வந்தார். இறங்கியது மூன்று தீவு. மற்ற ஐந்தையும் சமையல் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் எண்ணினார்.

பயணி: (கொஞ்சம் யோசித்து) அந்த பைனாகுலர் வாடகையில் சேர்த்தியா, தனியா?