மனம் ஓர் அகராதி அன்று
சொற்களை மனம் அகராதிபோல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பக்கவாதத்துக்குப் பின் என் அம்மா, சீப்பை எடுத்துத் தலைவாரிக் காட்டியும் அதன் பெயர் வராமல் தவித்து, 'கண்ணாடி' என்றார். நான் 'சீ' என்று முதலெழுத்தை எடுத்துக்கொடுத்ததும் 'சீப்பு' என்று உடனே சொல்லிவிட்டார். பொருளும் ஒலியும் தனித்தனியே இருந்து பேசும் கணத்தில் இணைகின்றன என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்றை நான் கண்டதில்லை. 1966இல் உளவியலாளர்களான பிரவுன், மெக்நீல் இருவரும் நாநுனியில் நின்று வெளிவராத சொற்களை ஆராய்ந்தபோதும், அவற்றின் முதலெழுத்தும் அசை எண்ணிக்கையும் பலருக்குச் சரியாகவே தெரிந்திருந்தன. தமிழில் 'போகாதவர்களுக்கும்' போன்ற வடிவங்கள் எண்ணிறந்தவை. அவை அனைத்தும் முழுச்சொற்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம், பகுதியும் விகுதியும் பேசும்போதே கூடுகின்றன என்றே கருதுகிறேன்.