28 டிகிரியில் பனி பெய்த கதை

28-உடன் 9-ஐக் கூட்டினால் 37 என்பது என் பேத்திக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சென்ற வாரம் அவளுடைய துணைப்பாட நிலையம் கொடுத்த ஒரு பயிற்சித்தாளின் படத்தைப் பகிர்ந்து, பனியே பெய்யாத சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு எதற்கு அமெரிக்கப் பனிக் கணக்கு என்று கேட்டிருந்தேன்; அதன் கீழே வந்து குவிந்த மறுமொழிகளில் பாதி, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, அதனால் தாத்தா பொங்குகிறார் என்ற முடிவிலிருந்தே தொடங்குகின்றன. அவள் எழுதிய விடை சரி. துணைப்பாட நிலையத்தில் அதற்குச் சரி என்று குறியிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் வருத்தமே அந்த நட்சத்திரத்தின் மேல்தான்.

கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். காலை எட்டு மணிக்குப் பனி பெய்துகொண்டிருந்தது, வெப்பநிலை 28 டிகிரி. நண்பகலுக்குள் அது 9 டிகிரி கூடியது. இப்போது வெப்பநிலை என்ன? ஃபாரன்ஹீட் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. வெப்பநிலையை அந்த அளவில்தான் சொல்லும் அமெரிக்காவில் அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை. அங்கே 28 என்றால் உறைநிலைக்குக் கீழே, 37 என்றால் உறைநிலைக்குச் சற்று மேலே, பனி உருகத் தொடங்கும் நேரம் என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டே அறிந்திருப்பார்கள். செல்சியஸில் அளக்கும் நம் ஊரில் 28 டிகிரி என்பது பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் சாதாரணக் காலை. 37 டிகிரியோ, 1983-இல் தெங்காவிலும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் பதிவான, சிங்கப்பூரின் உச்ச வெப்பநிலை. ஆக, பனி பெய்யும் காலையில் தொடங்கிய கணக்கு, இந்தத் தீவு கண்ட மிகக் கொடிய வெயிலில் வந்து முடிந்திருக்கிறது, அதற்குத்தான் நட்சத்திரம்.

பேத்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தாத்தா, 37 டிகிரியில பனி எப்படி இருக்கும்?" அதே கேள்வியை அவள் வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் வேண்டாம், கூட்டினால் போதும் என்பது அவளுக்குக் கிடைத்த பதில்.

கூட்டினால் போதும் என்றால் வெறும் 28 கூட்டல் 9 என்று கொடுத்துவிடலாமே. எதற்காக அதைச் சுற்றி ஒரு கதை? நம் பிள்ளைகள் பிராப்ளம் சம் என்று சொல்லிப் பயந்து நடுங்கும் இந்த வார்த்தைக் கணக்குகளைத் தொடக்கப்பள்ளியில் பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதை இருப்பது அலங்காரத்துக்காக அன்று. கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய், பிறகு திரும்பிப் பார் என்று கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா வகுத்துத் தந்த நான்கு படிகளைத்தான் நம் பள்ளிகளிலும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த நான்காவது படியில், தன் விடை நடக்கக்கூடிய ஒன்றா என்று பிள்ளை சரிபார்ப்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே கருவி, கணக்கில் வரும் காட்சி. பேருந்தில் 400 பேர் ஏறினார்கள் என்று விடை வந்தால், பேருந்தை அறிந்த பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கும். பனியை அறியாத பிள்ளை எந்த எண் வந்தாலும் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். என் பேத்தி அந்த நான்காவது படியை யாரும் சொல்லாமலே செய்தாள். அவளுக்குக் கிடைத்த பாடம், இனிமேல் அப்படிச் செய்யாதே என்பது.

"கற்பனை வளரட்டுமே, பார்த்ததை மட்டுமா பிள்ளைகள் படிக்க வேண்டும்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கதை நேரத்தில் பனிமனிதன் வரட்டும், பறக்கும் கம்பளம் வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. என் பேத்திக்கு நானே அப்படிப்பட்ட கதைகளைப் படித்துக் காட்டுகிறேன். ஆனால் கதையில் பனிமனிதன் பேசினால் அது தவறாகாது. கணக்கில் ஓர் எண் பொருந்தாவிட்டால் அது தவறாகிவிடும். கற்பனையில் எதுவும் நடக்கலாம் என்று பழகிய மனத்தை, இந்த விடை நடக்கக்கூடியதா என்று எந்த அளவுகோலை வைத்துச் சோதிக்கச் சொல்வது? இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருந்தேன். படத்தைப் பார்த்தவர்கள் பலர் கீழே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை போலும்.

அந்தத் தாளின் மற்றக் கணக்குகளையும் பாருங்கள். வீட்டு முன்பாதையில் குவிந்த பனியை அள்ளிக் கொடுத்து ஒரு சிறுவன் காசு சம்பாதிக்கிறான். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் வசிக்கும் பிள்ளைக்கு முதலில் வீட்டு முன்பாதை என்பதையே விளக்க வேண்டும். பனியின் உயரம் அங்குலத்தில் அளக்கப்படுகிறது. நாம் மெட்ரிக் முறைக்கு மாறியது 1970-களில். உயர்வகுப்புக்கான தொகுப்பில், 5 டிகிரியாக இருந்த வெப்பநிலை இரவில் 9 டிகிரி குறைந்தது என்று ஒரு கணக்கு இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் எதிர்மறை எண்கள் வருவதே உயர்நிலை ஒன்றில்தான். இவற்றைத் தொகுத்தவர் ஒரு முறையாவது தாளை வாசித்துப் பார்த்திருந்தால் இதில் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். கட்டணம் வாங்குவதற்கு முன் வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு குற்றமாகிவிட்டது போலிருக்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வருவதா அழுகை வருவதா என்று தெரியாத இடம் ஒன்று உண்டு. 1980-களில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கிய மாடல் முறை, அதாவது கட்டங்களை வரைந்து கணக்கைக் கண்ணால் காணச் செய்யும் முறை, உலகெங்கும் சிங்கப்பூர்க் கணக்கு என்றே பெயர் பெற்றது. பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வில், 2023-ஆம் ஆண்டிலும் நம் தொடக்கநிலை நான்கு மாணவர்கள் கணிதத்தில் முதலிடம் பெற்றார்கள். அமெரிக்கப் பள்ளிகள் நம் பாடநூல்களைத் தேடி வாங்கின. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2000-களின் தொடக்கத்தில் தங்களுக்கென ஓர் அமெரிக்கப் பதிப்பை வெளியிடச் செய்து, அதில் தங்கள் நாணயத்தையும் தங்கள் அளவைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தங்கள் பிள்ளை அறிந்த காசில்தான் தங்கள் பிள்ளை கணக்குப் போட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நம் கணக்கை அவர்கள் அத்தனை கவனத்தோடு எடுத்துச் செல்ல, அவர்களுடைய பனியை நாம் ஒரு டிகிரி கூட மாற்றாமல் இறக்குமதி செய்து, விடுமுறைச் சிறப்புப் பயிற்சி என்று பெயரிட்டு விற்கிறோம். இதைச் சுட்டிக்காட்டினால் நான் குறுகிய மனம் படைத்தவனாம்.

நான் படித்த காலத்திலும் இந்த நோய் இருந்தது. என் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேக்கா சந்தையில், கட்டி, தாஹில் என்ற பழைய எடை அளவைகளில், மீன் ஒரு கட்டி ஒரு வெள்ளி அறுபது காசு என்றால், பன்னிரண்டு தாஹில் மீனுக்கு ஒரு வெள்ளி இருபது காசு என்பதை மீன்காரர் தராசைக் கீழே இறக்குவதற்குள் சொல்லிவிடுவார். பதினாறு தாஹில் ஒரு கட்டி என்பது அவருக்கு வாய்ப்பாடு அன்று; கையில் அறிந்த கனம். ஐந்து காசு கூடுதலாகக் கேட்டாலும், "என்ன அண்ணே, தராசு தூங்குதா?" என்பார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு ஷில்லிங்கைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு ரொட்டியின் விலை நான்கு பவுண்டு என்று ஒரு மாணவன் விடை சொன்னபோது வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அது சிரிக்க வேண்டிய விடை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. என் தாய்க்கு அந்த நாணயத்தைப் பழக்கியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அப்போது ஆட்சி நம் கையில் இல்லை, புத்தகம் வேறெங்கிருந்தோ வந்தது என்று ஒரு காரணமாவது சொல்லலாம். இன்று என்ன காரணம்?

அப்படிப் படித்தும் நீங்கள் ஆசிரியராகத்தானே ஆனீர்கள் என்று எழுதவிருப்பவர்களுக்கு: ஆனேன். உடன் படித்த எத்தனை பேர் கணக்கு நமக்கு ஆகாது என்று ஒதுங்கினார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்தேன்.

இனி, என்னை உண்மையாகவே புண்படுத்திய மறுமொழிக்கு வருகிறேன். "இப்போதெல்லாம் டிசம்பரில் எல்லாரும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போய்ப் பனியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், உங்கள் பேத்தியைக் கூட்டிப் போகாதது யார் குற்றம்?" என்று ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார், அதற்கு விருப்பக்குறிகளும் நிறைய. எல்லாரும் என்றால் யார், ஐயா? என் மருமகன் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஆண்டிறுதியில் அவருக்கு விடுப்பு கிடைப்பதில்லை. அவரைப் போன்றோரின் பிள்ளைகள்தான் விடுமுறையிலும் துணைப்பாடத்துக்கு வருகிறார்கள். பனியைப் பார்க்கப் போனவர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை. ஆக, பனியைப் பார்த்திராத பிள்ளைகளையே தேடிப் பிடித்துப் பனிக் கணக்கைக் கொடுத்துவிட்டு, புரியவில்லை என்றால் விமானச் சீட்டு வாங்கவில்லையா என்று கேட்கிறீர்கள். தொடக்கநிலை இரண்டின் கூட்டல் கணக்குக்குக் கடப்பிதழ் தேவை என்று கல்வி அமைச்சு இதுவரை அறிவிக்கவில்லை.

ஜூரோங்கில் ஸ்நோ சிட்டி இருக்கிறதே, தங்லின் மாலில் கிறிஸ்துமஸ் நுரைப்பனி பெய்கிறதே என்றும் சிலர். அந்த நுரை 28 டிகிரியில்தான் பெய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சித்தாளைத் தயாரித்தவர் அங்கேதான் நின்று எழுதியிருக்க வேண்டும்.

உண்மையில் நமக்கென்று ஒரு டிசம்பர் இருக்கிறது. வடக்கே சைபீரியா, சீனப் பகுதிகளில் திரளும் குளிர்காற்று தென் சீனக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, இங்கே நாள்கணக்கில் அடைமழையாகக் கொட்டுகிறது. அவர்களுடைய குளிர்காலத்தில் நம் பங்கு இந்த மழைதான். சாங்கியில் டிசம்பர் மாதத்தின் சராசரி மழை 300 மில்லிமீட்டருக்கு மேல். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகமாக ஒரே நாளில் பெய்தால் கால்வாய் என்ன ஆகும் என்று தொடக்கநிலை ஐந்துப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கழித்தலைத் தானே செய்துவிட்டு, அந்த அளவு தன் இடுப்புக்கு வருமா முழங்காலுக்கு வருமா என்று அளவுகோலை எடுத்து வைத்துப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குடை விலை, காயாத சீருடைகள், ஆர்ச்சர்ட் சாலை விளக்குகள், புதிய ஆண்டுக்கு வாங்கும் பள்ளிப் புத்தகங்களின் மீதிக் காசு, தை பிறந்தால் பொங்கல் பானைக்கு எத்தனை கிண்ணம் அரிசி என்று எத்தனையோ இருக்கின்றன. நம் மழைக்கு என்ன குறை? படம் வரைந்தால் பனிமனிதனைப் போல அழகாக இருக்காது என்பதா? நாம் வாழும் மாதம் ஒரு கணக்கில் இடம்பெறக்கூடத் தகுதியற்றது என்று ஏழு வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். இதை நினைக்கும்போதுதான் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. 37 டிகிரிகூட அப்புறம்தான்.

"பிஎஸ்எல்இ தேர்வில் உங்கள் புளோக்கைப் பற்றியா கேட்பார்கள்?" என்பது கடைசி அம்பு. தொடக்கப்பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதும் அந்தத் தேர்வில், 2021-இல் பெற்றோரை அழவைத்த அந்த ஹெலன், ஐவன் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 50 காசு, 20 காசு நாணயங்கள், அவற்றின் எடை. கடினமான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் 50 காசு நாணயம் 20 காசு நாணயத்தைவிடக் கனமானது என்பதை உண்டியலை உடைத்த எந்தப் பிள்ளையும் உள்ளங்கையில் அறியும். கடினம் கணக்கில் இருந்தது; காட்சியில் இல்லை. நான் கேட்பது எளிய கணக்கையன்று, இதையும் எத்தனை முறை எழுதுவது?

ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை என்று எழுதிய அம்மையாருக்கு மட்டும் தனியாக ஒரு சொல். பொழுது போகாததால், பணம் எதுவும் வாங்காமல், டிசம்பர் விடுமுறைக்கான கணக்குகள் சிலவற்றை நானே எழுதி முந்தாநாள் மறுமொழிப் பகுதியில் இட்டேன். வேண்டிய பெற்றோர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கானவையும் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது, தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலுக்குப் போகும் 43 உறவினருக்கு, 13 பேர் அமரும் வேன் எத்தனை வேண்டும் என்பது. கற்பனை வளத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த இருவர் உடனே விடை எழுதியிருக்கிறார்கள்: மூன்று வேன், மீதி நான்கு. அந்த நால்வர் கோயிலுக்கு எப்படி வந்து சேர்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.