ஆட்டுத் தாடியில் நீலத் துணி

(சேரன்மகாதேவியில் ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு தையல் கடை. பரமசிவம் மெஷினுக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிறார். வேட்டி முழுக்க மருளூமத்தங்காயோடு இசக்கி வருகிறான்.)

இசக்கி: அண்ணாச்சி, என் வெள்ளாடு இந்தப் பக்கம் வந்ததா?

பரமசிவம்: உன் ஆடு கிடக்கட்டும். டீச்சரம்மா ஜாக்கெட்டுக்கு நீல லைனிங் துணி, நனைத்து வேலியில் காயப்போட்டேன், காணோம். ஏல, அந்தக் காயோடு உள்ளே வராதே! தைத்து வைத்ததில் எல்லாம் ஒட்டும்.

இசக்கி: இதை லேசாக நினைக்காதீங்க. சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்று ஒரு இன்ஜினியர். 1941-இல் நாயைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டு வந்தால், நாய் மேலும் கால்சட்டையிலும் இதே மாதிரி முள்ளுக்காய். நாம் என்ன செய்வோம்?

பரமசிவம்: பிய்த்துப் போட்டுவிட்டு, நாயை நாலு ஏச்சு ஏசுவோம்.

இசக்கி: அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள் நுனியும் கொக்கி! துணியில் இருக்கிற நூல் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்துச் செய்ததுதான் வெல்க்ரோ, பட்டன் இல்லாமல் ஒட்டிப் பிரிக்கிற பட்டை. நேற்று என் மகள் வாசித்துக் காட்டினாள்.

பரமசிவம்: ஓஹோ, அந்த நாய்தானா என் பிழைப்பில் மண்ணைப் போட்டது? பை, ஷூ, எதைத் தொட்டாலும் பர்ர்ர்! காஜா எடுக்க ஒரு பையன் வைத்திருந்தேன். இப்போது புரோட்டா கடையில் மாவு பிசைகிறான்.

இசக்கி: முழுக்கக் கேளுங்க. அவரால் தனியாகச் செய்ய முடியவில்லை. பிரான்சில் லியோன் நகரத்து நெசவாளி ஒருத்தரிடம்தான் போனார். பருத்தியில் செய்தது சீக்கிரம் தேய்ந்துபோனது. அப்புறம் நைலான். சூடு காட்டினால் வளையம் விறைத்து நின்றது. ஆனால் வளையத்தைக் கொக்கியாக்குவது எப்படி? அங்கேதான் முழி பிதுங்கிவிட்டது.

பரமசிவம்: (கத்தரிக்கோலை எடுத்து) இதுக்கா முழி பிதுங்கணும்? வளையத்தின் தலையில் ஒரு வெட்டு. ஒரு பக்கம் கொக்கியாக நிற்கும்.

இசக்கி: அட, அதைத்தானே அவரும் செய்தார்! காப்புரிமை கைக்கு வர 1955 ஆகிவிட்டது.

பரமசிவம்: (நிமிர்ந்து உட்கார்ந்து) என்னிடம் வந்திருந்தால் சாயங்காலமே கொடுத்திருப்பேன்.

இசக்கி: என் தீபாவளிச் சட்டையைப் பொங்கலுக்குக் கொடுத்தீங்களே, அந்தச் சாயங்காலமா?

பரமசிவம்: ...சரி, வேறு கதை இருந்தால் சொல்லு.

இசக்கி: அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர். 1945-இல் ரேடார் கருவி பக்கத்தில் நின்றிருக்கிறார். சட்டைப் பையில் இருந்த சாக்லேட் உருகி வழிந்துவிட்டது.

பரமசிவம்: ஐயோ, சட்டை என்ன துணி? அந்தக் கறை போகாதே!

இசக்கி: கறையை விடுங்க. அதைப் பார்த்துத்தான் மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. முதலில் விற்றது ஆள் உயரம், சுமார் 340 கிலோ.

பரமசிவம்: அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊருக்கு வரச் சொல்லு. கருவியே இல்லாமல் உருகும். நாற்பது வருஷமாக உருகுகிறது, எனக்குக் கறைதான் மிச்சம்.

(வாசலில் மணிச் சத்தம். வெள்ளாடு தலையை நீட்டுகிறது. தாடியில் கொத்தாக மருளூமத்தங்காய். அதில் ஒரு சாண் நீலத் துணி தொங்குகிறது.)

இசக்கி: அண்ணாச்சி, பார்த்தீங்களா! காயில் கொக்கி, துணியில் வளையம். கண் முன்னாலேயே நிரூபணம்!

பரமசிவம்: ஏல, துணி ஒரு மீட்டர். மிச்சம் எங்கேல?

(ஆடு நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது.)