நீலகிரிப் பெண்கள் 2023க்குப் பிறகுதான் பதவிக்கு வந்தார்களா?

"2023 மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தால்தான் கோத்தகிரி, குன்னூர் ஊராட்சிகளில் பெண்கள் தலைவரானார்கள், அதற்கு முன் நீலகிரியிலிருந்து எந்தப் பெண்ணும் அரசியலுக்கு வரவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல, நண்பரே.

2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் உரியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தால் கிடைத்தது. அதைத் தமிழ்நாடு அரசு 2016இல் பாதியாக உயர்த்தியது. நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் அந்தக் கணக்கின்படியே நடந்தது.

அதற்கும் வெகுகாலம் முன்பே, 1962இல், படகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி நீலகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அவரை மறந்துவிட்டு எழுதுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எங்கள் பகுதியில் நடந்த ஒரு கிராம சபையில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுத் தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்த பெண்கள் குடிநீர்த் தொட்டியின் பழுதைப் பற்றிக் கேட்டபோது, கணவரை முந்தவிடாமல் செலவுப் பதிவேட்டைத் தானே விரித்து வரிவரியாகப் படித்துக் காட்டினார் ஊராட்சித் தலைவி. குறை இருப்பது சட்டப்பேரவையில்தான்: 2021 தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர் மட்டுமே.