கடைமடைக்காரர் ஏன் கட்டணம் தருவதில்லை?
கிர்கிஸ்தானில் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டபின் உருவான நீர்ப்பயனாளர் சங்கங்கள் கட்டணம் வசூலிக்க முடியாமல் திணறுவதற்கு உழவர்களின் அலட்சியமே காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு சில பெரும்பண்ணைகளுக்கென வெட்டப்பட்ட வாய்க்கால்களை, நிலம் பிரிக்கப்பட்டதும், எண்ணற்ற சிறு உழவர்கள் பங்கிட வேண்டியதாயிற்று. வயலுக்கு வயல் மதகோ அளவுமானியோ இல்லாத இடங்களில், முராப் எனப்படும், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் பணியாளர் பரப்பையும் பயிரையும் பார்த்துத் தோராயமாகவே கணக்கிட முடியும். தலைமடைக்காரர் இரவில் கூடுதலாகத் திருப்பிக்கொண்டால், வராத தண்ணீருக்குக் கடைமடைக்காரர் ஏன் பணம் தர வேண்டும்? 2002ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்களுக்குச் சட்டத் தகுதியை அளித்தது, சரிதான். ஆனால் சோவியத் காலத்து வாய்க்கால்களின் பராமரிப்பும் கூடவே அச்சங்கங்களின் தலையில் விழுந்தது. கட்டணம் வராததால் தூர்வாரல் தடைப்படுகிறது, தூர்வாராததால் தண்ணீர் எட்டுவதில்லை. இச்சுழலைக் கட்டுரை தொடவே இல்லை.