முல்லைத்தீவுக் காட்டில் மறைந்து வாழும் குடி: அது கதை, வரலாறு இல்லை

"முல்லைத்தீவுக் காட்டுக்குள் 2000 வருடமாக வெளியாரையே காணாத ஒரு குடி வாழ்கிறது" என்று ஒரு பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பொய். என் அக்காவின் மகன் கூட்டாளிகளோடு விளையாட உண்டாக்கிய கற்பனை உலகத்தின் கதை அது. அவனுடைய கொப்பியில் "இரண்டு நிலவு எழும் காட்டில்" என்றுதான் தொடங்குகிறது. யாரோ அந்த வரியை வெட்டிவிட்டு முல்லைத்தீவைச் சேர்த்திருக்கிறார்கள்.

வெட்ட மறந்த இடமும் உண்டு. அந்தக் குடி பனி உருகி வரும் ஆற்றில் தண்ணீர் அள்ளுகிறதாம். முல்லைத்தீவு இருக்கிற வன்னியில் பனிமலை ஏது? மாரி மழையைக் குளத்தில் தேக்கித்தான் எங்கள் வயல் விளைகிறது. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்குள் நடந்தால், தூர்ந்துபோன பழைய குளக்கட்டுகள் தட்டுப்படும். பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் சனம் போய்வந்த காடு இது. வெளியாரும் வன்னிக்கு வந்திருக்கிறார்கள். 1679 இல் கண்டி அரசிடமிருந்து தப்பிய ஆங்கிலேயக் கைதி ரொபர்ட் நொக்ஸ், மல்வத்து ஓயா ஆற்றின் கரையோரமாகக் காட்டைக் கடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்புக்கு வந்து சேர்ந்தார். 1803 இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான்.

சரி, தொல்குடி என்றால் இலங்கையில் வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒளிந்து வாழ்பவர்கள் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கில் வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசியே வாழ்கிறார்கள். பதிவோடு சேர்த்து "காட்டுமிராண்டிகள்" என்று எழுதி அனுப்பினால் அது அவர்களைத்தான் போய்க் குத்தும். எனக்கு ஆகப் பெரிய கவலை அதுதான்.

பெடியன் தன் கதையை இரண்டு நிலவோடு முழுதாக மறுபடி போட்டிருக்கிறான். பகிர்வதென்றால் அதைப் பகிருங்கள்.