தன் கவுண்டிக்கு லாபம் வரும் நாளில் ஒரு செனட்டர் என்ன பேசுகிறார்?

நைரோபிக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. கென்ய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் நேரலையை உட்கார்ந்து பார்க்கிற ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன் என்று வீட்டில் கிண்டல் உண்டு. 2024 அக்டோபர் 17 இரவு மட்டும் எனக்கு ஊரே துணைக்கு வந்தது. துணை ஜனாதிபதி ரிகாதி கச்சாகுவாவைப் பதவியிலிருந்து நீக்குவதா என்று செனட் வாக்கெடுத்த இரவு அது. 11 குற்றச்சாட்டுகளில் 5 நிலைத்தன, ஆள் வெளியே. எங்கள் குடியிருப்பின் காவலாளி கேட்டைத் திறக்க மறந்து போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே அவையில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தனி அரசு உள்ள பிரிவு) நிதிப் பங்கீடு பற்றிப் பேச்சு ஓடும் நாட்களில் பார்க்க வேண்டுமே. பாதி நாற்காலி காலி. மீதியில் இரண்டு பேர் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், கென்யாவில் ஒரு செனட்டரை எடை போட வேண்டிய இடம் இந்தக் காலி நாற்காலி விவாதங்கள்தான். பதவிநீக்க இரவுகளில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பேசலாம்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2010 அரசியல் சாசனம் நாட்டை 47 கவுண்டிகளாக்கி, மருத்துவமனை, சந்தை, உள்ளூர்ச் சாலை எல்லாவற்றையும் அவற்றின் தலையில் கட்டியது. அதற்கான பணம் இரண்டு தடவை பங்கு பிரியும். முதலில் மத்திய அரசுக்கும் கவுண்டிகளுக்கும் நடுவே. கடைசியாகத் தணிக்கை முடித்து ஒப்புதல் பெற்ற வருவாயில் குறைந்தது 15% கவுண்டிகளுக்குப் போக வேண்டும். அடுத்தது 47 பேருக்குள். அந்த இரண்டாவது பங்கீட்டுக்கான ஃபார்முலாவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முடிவு செய்வது செனட். தேர்தலில் ஜெயித்தவர்கள் 47 பேர், நியமன உறுப்பினர்கள் 20 பேர். பேச எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் கவுண்டி விவகாரம் என்று வந்துவிட்டால் கவுண்டிக்கு ஒரு வாக்குதான், ஃபார்முலா தேற 24 வேண்டும்.

கீழவை எம்.பி.க்காவது தொகுதி வளர்ச்சி நிதி இருக்கிறது. ஒரு வகுப்பறை கட்டி அதன் நெற்றியில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். செனட்டருக்கு அதுவும் இல்லை. வாயும் அந்த ஒற்றை வாக்கும்தான் மூலதனம்.

2020-க்கு வருகிறேன். அந்த வருஷம் மூன்றாவது ஃபார்முலா அவைக்கு வந்தது. பழையதில் எல்லாக் கவுண்டிக்கும் சமமாகப் போகும் பங்கு 26%, வறுமைக்கு 18%. புதியதில் அவை 20, 14 என்று இறங்கின. மக்கள்தொகை 45-லிருந்து 18 ஆனது என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஆள் குறைவான வடக்கு ஜெயித்த மாதிரித் தெரியும். ஆனால் சுகாதாரத்துக்கு 17, விவசாயத்துக்கு 10 என்று புதிதாக நுழைந்தவை இருக்கின்றனவே, அவற்றையும் பெரும்பாலும் தலையை எண்ணித்தான் கணக்கிட வேண்டும். நிலப்பரப்புக்குக் கிடைத்தது 8% மட்டும்.

என் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் மார்சபிட்காரர். மார்சபிட் கவுண்டியின் பரப்பு ஏறக்குறைய தமிழ்நாட்டில் பாதி. 2019 கணக்கெடுப்பின்படி அங்கே ஆள் நாலரை லட்சம். நைரோபிக்கு 700 சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது, ஆள் 44 லட்சம். "ஒரு ஆள், ஒரு வாக்கு, ஒரு ஷில்லிங்" என்று மத்திய கென்யா அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை முழங்கியபோது அவர் எரிச்சலோடு சொன்னார்: "எங்கள் ஊரில் ஒரு நர்ஸிடமிருந்து அடுத்த நர்ஸிடம் போக அரை நாள் ஆகும். அந்த டீசலுக்கு யார் ஷில்லிங் தருவது?"

செனட் இரண்டாகப் பிளந்தது. மார்சபிட், மண்டேரா, வஜீர் செனட்டர்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. மகுவேனிக்கும் நஷ்டம், முதுலா கிலொன்சோ ஜூனியர் சட்டப் பிரிவுகளை அடுக்கி எதிர்த்தார். நரோக்குக்கும் நஷ்டம், லெடாமா ஒலெகினா குரலை உயர்த்தி எதிர்த்தார். சரி, அது அவரவர் கடமை. என் கவனம் போனது நைரோபி செனட்டர் ஜான்சன் சகாஜா மேல். புதிய ஃபார்முலாவில் நைரோபிக்குப் பணம் கூடும். பேசாமல் கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரிடம் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் கணக்கை ஏற்க மாட்டேன் என்று 'டீம் கென்யா' என்ற எதிர்ப்பு அணியின் பக்கம் போய் உட்கார்ந்தார். அவருடைய மற்ற அரசியலில் எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த நிலைப்பாட்டைத்தான் நான் கவுண்டிகளுக்கான பேச்சு என்பேன்.

ஆகஸ்ட் 17 அன்று காலையில் மூன்று செனட்டர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. ககமேகா, போமெட், சம்புரு கவுண்டிக்காரர்கள். அன்றுதான் வாக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. மூன்று ஓட்டு குறைந்தால் கணக்கு மாறும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கோபத்தில் அவை அன்று ஓட்டே போடாமல் கலைந்தது.

ஃபார்முலா திரும்பத் திரும்பத் தோற்று, செப்டம்பர் 17-ல்தான் முடிவு வந்தது. ஜனாதிபதி கென்யாட்டா 5,000 கோடி ஷில்லிங் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டார். கவுண்டிகளின் மொத்தப் பங்கு 31,650 கோடியிலிருந்து 2021-22-ல் 37,000 கோடியானது. புதிய ஃபார்முலாவும் அந்த நிதியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. யாருடைய பங்கும் குறையவில்லை. கையை வைக்காமல் வாயால் மட்டுமே சாதித்தது இது. செனட் பேசிப் பேசியே பொழுதைக் கழிக்கிறது என்பவர்களுக்கு என் பதில் இந்த ஒரு வருஷம்.

இதற்கு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்த இரண்டு மூன்று மாதம் கவுண்டிகளுக்குப் பணம் போகவில்லை. அலுவலகங்களை மூடிவிடுவோம் என்று கவர்னர்கள் (இங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டித் தலைவர்கள்) மிரட்டினார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கவுண்டி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஜன்னலுக்குள் இருந்த பெண் சீட்டைத் திருப்பித் தந்தார். "சோதனைக்கான மருந்து இல்லை, வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்." எனக்கு வெளியே எடுக்கக் காசு இருந்தது. பின்னால் நின்றவரிடம் இருந்ததா, தெரியாது.

அப்புறம் 2022 தேர்தல். சகாஜா நைரோபி கவர்னர். முதுலா மகுவேனி கவர்னர். சியாயாவின் ஒரெங்கோ, முரங்காவின் கங்காதா, அவர்களும் கவர்னர்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. மண்டேராவில் இரண்டு தவணை கவர்னராக இருந்த அலி ரோபா இப்போது செனட்டர். செனட் என்பது கவர்னர் நாற்காலிக்கான காத்திருப்பு அறை என்று இங்கே நக்கலடிப்பார்கள். பாதி உண்மை. செலவுக்குக் கணக்குக் கேட்டுக் கவர்னர்களைக் கமிட்டிக்கு இழுத்தவர், இன்று அதே மேஜைக்கு எதிர்ப்பக்கம் கோப்போடு உட்கார்கிறார். தப்பில்லை என்றே நினைக்கிறேன். எந்தக் கேள்வி உறைக்கும், எதற்கு மழுப்பலாம் என்று இருபக்கமும் தெரிந்தவர்கள் மோதுவது பார்க்கச் சுவாரசியம். என் ஆதங்கம் வேறு. ஜெயிக்கப் போகும் நாற்காலியை மனதில் வைத்துப் பேசுகிறவரும் உண்டு, அவர் பேச்சு கவர்னரைப் பதவிநீக்கும் விசாரணைகளில் மட்டும் சூடு பிடிக்கும். 2014-ல் எம்பு கவர்னர் வம்போராவில் தொடங்கிய வழக்கம், 2020-ல் கியாம்பு கவர்னர் வைதிது, நைரோபி கவர்னர் சொன்கோ என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியது. கேமரா நிறைய வரும். தணிக்கை அறிக்கையின் பக்கங்களைப் புரட்டும் நாளில் அந்த முகங்கள் தென்படுவதில்லை.

போன வாரம் டீ குடிக்கும்போது மார்சபிட் நண்பரிடம் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். 1971 மக்கள்தொகையை விட்டுவிட்டு 2011 கணக்கை எடுத்ததால், பிறப்பைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு நிதிப் பங்கீட்டில் அடிவாங்குகிறது என்று நாங்கள் புலம்புவதை. அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"உங்கள் மேலவையில் எத்தனை தடவை தோற்கடித்தீர்கள்?" என்றார்.

அந்த ஃபார்முலா மேலவையில் ஓட்டுக்கே வராது, நிதிக் குழு எழுதிக் கொடுப்பதுதான், பண மசோதாவைக்கூட மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஏதோ மொழிபெயர்ப்பில் தப்பு செய்துவிட்டேன் என்பதுபோல, மறுபடியும் அதையே கேட்டார்.